புளியரை தாண்டிய லோடு

மாப்ளே,

செங்கோட்டையில் சாரல் இறங்கிவிட்டது, கரண்ட் நின்று நின்று வருகிறது, மற்றபடி எல்லோரும் நலம். பாவூர்சத்திரம் காய்கறி மண்டிக்கு லோடு பார்க்கும் சாஃப்ட்வேர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறேன் என்றேனே, அதில் போன வாரம் மானம் போயிற்று. ஒரே லாரி கேரள எல்லையில் புளியரை செக்போஸ்ட் தாண்டியதற்குக் கொல்லத்து வியாபாரிக்கு மூன்று மெசேஜ். போனில் அவர், "அண்ணாச்சி, முருங்கைக்காய் ஒரு வண்டியா மூணு வண்டியா?" என்கிறார்.

ஒவ்வொரு லோடும் புரோகிராமில் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது தகவலும் அதை வைத்து வேலை செய்யும் மெத்தட்களும் (ஃபங்ஷன்களும்) சேர்ந்த ஒரு பொட்டலம். ஒன்று நடந்ததும் ஓட வேண்டிய ஃபங்ஷனை, அதாவது லிசனரை, பட்டனுக்கு மாட்டுவது போல இதற்கும் ஆட்ஈவென்ட்லிசனரால் மாட்டலாம் என்றால் வெறும் ஆப்ஜெக்ட்டில் அந்த மெத்தடே கிடையாது, அதனால் அந்த மெத்தட் உள்ள ஈவென்ட்டார்கெட் என்ற பிரவுசர் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து, லாரி எண்ணை கஸ்டம்ஈவென்ட்டின் (நாமே உண்டாக்கும் ஈவென்ட்) டீடெயிலில் வைத்து டிஸ்பேட்ச் செய்கிறேன், அதாவது லிசனர்களுக்கு அனுப்புகிறேன். முன்பெல்லாம் இதற்காகவே வலைப்பக்கத்தில் ஒட்டாத ஒரு டிவ் (வெறும் பெட்டி எலிமென்ட்) செய்து அதன் தலையில் கட்டுவோமே, ஞாபகம் இருக்கிறதா? 2018-இல்தான் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஈவென்ட்டார்கெட்டை இப்படி எக்ஸ்டெண்ட் செய்ய வழிவிட்டன, நம்ம புனலூர் பாதையில் மறுபடி ரயில் ஓடிய அதே வருடம். சஃபாரி 2020 வரை இழுத்தது.

சரி, தப்புக்கு வருகிறேன். லோடைக் காட்டும் திரைக்கும் ஒரு ஆப்ஜெக்ட் உண்டு, மெசேஜ் அனுப்பும் அதன் மெத்தட் ஒன்றை லிசனராகக் கொடுத்தேன். அதற்குள் திஸ் (மெத்தட் எந்த ஆப்ஜெக்ட்டுக்காக ஓடுகிறது என்று சொல்லும் சொல்) திரையைக் காட்டாமல் லோடைக் காட்டியது, உடனே திஸ்ஸைத் திரையோடு கட்டிவைக்க பைண்ட் போட்டேன். ஒரே ஃபங்ஷனை நூறு தடவை மாட்டினாலும் ஒன்றாகத்தான் ஏறும், ஆனால் பைண்ட் ஒவ்வொரு தடவையும் புது ஃபங்ஷன் அல்லவா தருகிறது, கணக்குப்பிள்ளை அந்த லோடை மூன்று தடவை திறந்து மூடியதில் மூன்று லிசனர் சேர்ந்து மூன்று மெசேஜ் போய்விட்டது. மூடும்போது கழற்றத்தான் செய்தேன். அங்கேயும் இன்னொரு பைண்ட்! மாட்டியது ஒன்று, கழற்றப் போனது வேறொன்று, அதற்கு ஒரு எர்ரராவது காட்டுமா என்றால் அதுவும் கிடையாது.

கடைசியில் ஹேண்டில்ஈவென்ட் கைகொடுத்தது. ஃபங்ஷனுக்குப் பதில் திரை ஆப்ஜெக்ட்டையே லிசனராகக் கொடுத்துவிட்டேன். அதில் ஹேண்டில்ஈவென்ட் என்று ஒரு மெத்தட் இருந்தால் பிரவுசர் அதைக் கூப்பிடும், திஸ்ஸும் திரையாகவே இருக்கும், கழற்றவும் அதே ஆப்ஜெக்ட் போதும். 2000-ஆம் ஆண்டு வந்த டாம் லெவல் 2 என்ற பிரவுசர் தர விதியிலேயே இருக்கிறதாம், இத்தனை வருடம் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நீ உட்பட. மாட்டும்போதே அபார்ட்கண்ட்ரோலர் என்பதன் சிக்னலைக் கொடுத்தால், பிறகு அதை அபார்ட் செய்ததும் மொத்தமாகக் கழன்றுவிடுமே என்பாய், தெரியும், ஆனால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம் ஒன்று. டிஸ்பேட்ச் செய்த வரியிலேயே எல்லா லிசனரும் ஓடி முடிந்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோடில் இதே வேலை செய்யும் ஈவென்ட்எமிட்டரும் அப்படித்தானே? நீ அதிலேயே கிடப்பவன், எழுது. ஓணம் நெருங்குவதற்கு முன்னால் ஒரு நடை வந்துவிட்டுப் போ, அதன் பிறகு மண்டி வேலையில் எனக்குத் தலை நிமிர நேரமிருக்காது.