நைட்ரஜனும் பாஸ்பரஸும்

கோவில்பட்டி

அன்புள்ள முருகேசா,

மூட்டு வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பிளஸ் டூவுக்கு, தனிம அட்டவணையின் வலப்பக்கம் இருக்கும் பி-தொகுதித் தனிமங்கள் நடத்திக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் வெளிக்கூட்டில் அஞ்சு எலக்ட்ரான்தான். அப்புறம் ஏன் ஒண்ணைச் சுவாசிக்கிறோம், இன்னொண்ணைத் தண்ணிக்குள்ள வைக்கிறோம்?"

எனக்கு உடனே நம் கல்லூரி ஆய்வகம் நினைவுக்கு வந்தது. காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் வெண்பாஸ்பரஸ் துண்டை நீருக்குள்ளேயே வெட்டி, இடுக்கியில் தூக்கியதும் வெள்ளைப் புகை கிளம்பியதே, நீகூடப் பின்வாங்கினாயே!

நைட்ரஜன் அணு சிறியது. இரண்டு அணுக்கள் நெருங்கி நின்று முப்பிணைப்பில் இறுகிவிடுகின்றன. அதை உடைக்க மோலுக்கு சுமார் 945 கிலோஜூல் வேண்டும்; அதனால்தான் அது எளிதில் எதோடும் வினைபுரிவதில்லை. பாஸ்பரஸ் அணு பெரியது. அந்த இடைவெளியில் எலக்ட்ரான்கள் உலவும் பி-ஆர்பிட்டல்கள் பக்கவாட்டில் சரியாக மேற்பொருந்துவதில்லை, முப்பிணைப்பும் நிலைப்பதில்லை. அதனால் நான்கு அணுக்கள் சேர்ந்து, ஆறு ஒற்றைப் பிணைப்புகளால் ஒரு நான்முகி (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம்) கட்டிக்கொள்கின்றன. அதில் பிணைப்புகளுக்கு இடையே கோணம் 60 பாகைதான், அதனால் இறுக்கம் அதிகம். ஓர் ஈர்க்கை வளைத்துப் பிடித்துவிட்டு விட்டுக் காட்டினேன். விறைத்துக்கொண்டு நிமிர்ந்தது. "வெண்பாஸ்பரஸ் எப்போதும் இப்படி வளைந்தேதான் இருக்கிறது, அதனால்தான் சட்டென்று பற்றிக்கொள்கிறது" என்றேன். வகுப்பே அமைதியாகிவிட்டது.

அதையே காற்றுப் படாமல் 300 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால், நான்முகியில் ஒரு பிணைப்பு திறந்து பக்கத்து நான்முகியோடு கோத்துக்கொள்கிறது. அதுதான் சிவப்புப் பாஸ்பரஸ், தானாகப் பற்றாது.

அந்தப் பெண்ணின் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர். மறுநாள் ஒரு காலிப் பெட்டியோடு வந்தாள். பக்கவாட்டில் பூசியிருப்பதில் சிவப்புப் பாஸ்பரஸ், குச்சித் தலையில் கந்தகமும், குளோரினும் ஆக்சிஜனும் அடங்கிய பொட்டாசியம் குளோரேட்டும். பாஸ்பரஸ், கந்தகம், குளோரின், ஆக்சிஜன் நான்குமே பி-தொகுதி! ஒரு காலத்தில் ஐரோப்பாவில் வெண்பாஸ்பரஸிலேயே தீக்குச்சி செய்தார்கள். அதன் ஆவியில் வேலை செய்தவர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. 1906இல் பெர்ன் நகரில் அதைத் தடைசெய்து ஒப்பந்தம் போட்டார்கள். இதைச் சொன்னபோது அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கம்மா கையில இருக்கிறது சிவப்புதானே சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள். சிவப்புதான் என்றேன்.

பொங்கலுக்கு வா. அந்த வகுப்புக்கு உன்னை அழைத்துப் போகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்