பிரேக் இல்லாத வண்டியில் ஆறு பட்டங்கள்

ஐயா,

பைக் பந்தயம் என்றால் மோட்டோ ஜிபி மட்டும்தானா? நியூசிலாந்து வீரர் ஐவன் மேஜரைப் பற்றியும் ஒருமுறை எழுதுங்கள். அவர் ஓட்டியது ஸ்பீட்வே, அதாவது நீள்வட்ட மண் தடத்தில் நடக்கும் பைக் பந்தயம். அந்த வண்டிக்கு பிரேக் கிடையாது, கியரும் ஒன்றுதான். இடது பூட்ஸில் இரும்புத் தகடு மாட்டி, அதை மண்ணில் தேய்த்தபடியே வளைவில் வண்டியைச் சறுக்க விடுவார்கள். பார்க்கும்போதே வயிற்றைக் கலக்கும்!

1957இல் இங்கிலாந்து போய், சோபிக்காமல் ஊர் திரும்பியவர் அவர். 1963இல் மறுபடி போனார். அப்புறம் 1968, 69, 70 என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டங்கள். வென்ற வண்டிக்குத் தங்க முலாமே பூசினார்கள். 1979க்குள் மொத்தம் ஆறு. இன்னும் நீளமான தடத்தில் நடக்கும் லாங்டிராக் பந்தயத்தில் தனியாக மூன்று.

2018இல் அவர் மறைந்தபோது தமிழில் ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

- ஒரு வாசகர்