கடன் அறிக்கையையும் படிக்கச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒருவர் கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறார் என்பதை எண்ணாகக் காட்டும் கிரெடிட் ஸ்கோரை உயர்த்தும் வழிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சொன்னதில் பெரும்பாலும் தப்பில்லை. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஸ்கோர், ஸ்கோர் என்றே போகிறது. அந்த எண் எதிலிருந்து பிறக்கிறதோ, நாம் கடன் வாங்கிக் கட்டிய வரலாறு பதிவாகும் அந்தக் கடன் அறிக்கையைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். கடன் கிடைக்கவில்லை என்று முகம் வாடி வந்தவர்களில் பலருக்குத் தங்கள் ஸ்கோர் மனப்பாடமாகத் தெரியும். அறிக்கையைத் திறந்து பார்த்தவர்கள்தான் அபூர்வம்.

எண் ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவில் 300 முதல் 900 வரை, அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைகோ ஸ்கோரில் 300 முதல் 850 வரை, சிங்கப்பூரில் 1000 முதல் 2000 வரை. கடன் தகவல்களைத் திரட்டி அறிக்கையும் ஸ்கோரும் தரும் நிறுவனங்களில் இரண்டு, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு எண் தருவதும் உண்டு. கணக்கிடும் முறை வேறு, சில சமயம் கையில் இருக்கும் தகவலே வேறு. அதனால் போன மாதத்தைவிட ஐந்து புள்ளி குறைந்துவிட்டதே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் கார்டுக்கும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். தேதிக்குள் கட்டிய மாதம் சுத்தமாக இருக்கும். தாமதமானால் 30, 60, 90 என்று நாள் கணக்கு ஏறும். கடன் கொடுப்பவர் கண் முதலில் போவது அங்கேதான். ஃபைகோ கணக்கில் தவணை ஒழுங்குக்கு 35 சதவீதம், வாங்கிய கடனும் கார்டின் லிமிட்டில், அதாவது செலவு வரம்பில், பயன்படுத்திய அளவும் சேர்ந்து 30 சதவீதம். சம்பளமும் சேமிப்பும் அந்தக் கணக்கிலேயே வராது. கை நிறையச் சம்பாதிப்பவர் ஸ்கோரில் சறுக்குவதும், சுமாரான வருமானக்காரர் ஜம்மென்று நிற்பதும் இதனால்தான்.

சம்பாதிப்பவர் சறுக்கும் இடம் பெரும்பாலும் சப்பையான இடமாக இருக்கும். யாரோ வற்புறுத்தினார்கள் என்று வாங்கி அலமாரியில் போட்ட கார்டு. அதற்கு ஆண்டுக் கட்டணம் விழுகிறது. பில் பழைய விலாசத்துக்கும் மாற்றிவிட்ட பழைய போன் நம்பருக்கும் போகிறது. அபராதம் சேர்கிறது, அதற்கு வட்டி சேர்கிறது. இவருக்குத் தெரியும்போது கட்டத்தில் 90 ஏறியிருக்கும். பாக்கி ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசாக இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டத்தில் தெரிவது தொகை அல்ல, நாள் கணக்கு மட்டும்தான்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று செட்டில்மென்ட். ‘இவ்வளவு கட்டுங்கள், மீதியைத் தள்ளுபடி செய்துவிடுகிறோம்’ என்று வசூல்காரர் சொன்னதும் பெரிய நிம்மதி வரும். ஆனால் அறிக்கையில் அது ‘முடிந்தது’ என்று பதியாது, ‘செட்டில்டு’ என்று பதியும். அடுத்து கடன் தருபவர் அதை முழுசாகக் கட்டாத கடன் என்றுதான் படிப்பார். இப்படிப்பட்ட பதிவுகள் அமெரிக்காவில் பொதுவாக 7 ஆண்டும் பிரிட்டனில் 6 ஆண்டும் நிற்கும். செட்டில்மென்ட் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே முடியாதவருக்கு அதுதான் கரை. கையெழுத்துப் போடும் முன் அறிக்கையில் எப்படிப் பதிவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். முழுசாகக் கட்டி முடித்தவரும் நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கி வைத்து, ஓரிரு மாதம் கழித்து அறிக்கையில் கணக்கு மூடியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியா உட்படப் பல நாடுகளில் ஜாமீன் போட்டவர் அறிக்கையிலும் அந்தக் கடன் ஏறும். மைத்துனர் தவணையை விட்டால் உங்கள் வீட்டுக் கடன் இழுபறியாகும். கணவன் மனைவி சேர்ந்து வாங்கிய கடனும் அப்படித்தான். பிரியும்போது ‘இனி அவர்தான் கட்டுவார்’ என்று தங்களுக்குள் எழுதிக்கொண்டது கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது.

பழைய கார்டை மூடிவிடுங்கள் என்று கட்டுரையாளர் பொத்தாம்பொதுவாகச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. தலா ஒரு லட்சம் லிமிட்டில் இரண்டு கார்டு, மாதம் 50,000 செலவு என்றால் பயன்பாடு 25 சதவீதம். ஒன்றை மூடினால் அதே செலவு 50 சதவீதம் ஆகிவிடும். கட்டணம் இல்லாத கார்டு, கையும் அடங்கும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். இன்னொரு நுணுக்கம்: பெரும்பாலும் பில் போடும் நாளில் உள்ள பாக்கிதான் அறிக்கைக்குப் போகும். கடைசி தேதிக்குள் முழுசாகக் கட்டுபவருக்கும் பயன்பாடு அதிகமாகத் தெரிவது அதனால்தான். புதுக் கடன் கேட்கப் போகிறவர் பில் வரும் முன்பே கொஞ்சம் கட்டிவிட்டால் சரியாகிவிடும்.

தன் அறிக்கையைத் தானே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. குறையாது. கடனுக்கு விண்ணப்பித்து, கடன் கொடுப்பவர் பார்த்தால்தான் கொஞ்சம் இறங்கும். ஒரே மாதத்தில் நாலைந்து இடத்தில் கார்டு கேட்டால் அது நன்றாகவே தெரியும். இந்தியாவில் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தப்பு இருந்தால் முறையிடலாம். அதைப் பார்த்துப் பதில் சொல்ல அவர்களுக்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பொதுவாக 30 நாள், பிரிட்டனில் 28 நாள் கெடு. நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் அன்றைக்கே புகார் கொடுக்க வேண்டும். 2017இல் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்தே சுமார் 14.7 கோடி பேரின் தகவல் திருடுபோனது. நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் அறிக்கையை அவ்வப்போது பார்ப்பதற்கு இந்தக் காரணம் ஒன்றே போதும். அப்புறம், பணம் வாங்கிக்கொண்டு ஸ்கோரைச் சரிசெய்கிறோம் என்பவர்கள்: உண்மையான பதிவை அவர்களாலும் அழிக்க முடியாது, பொய்யான பதிவை நாமே காசில்லாமல் திருத்தலாம்.

ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் ஒரு மாதிரி அறிக்கையைக் கற்பனைப் பெயரோடு ஒரு முழுப் பக்கத்துக்கு அச்சிட்டு, எந்தக் கட்டம் எதைக் குறிக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் என்னைப் போன்றவர்களுக்கும் வசதி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்