பாலாவின் ஜூபிடர்

மூர்த்தி,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பொங்கல் தாண்டியும் பதில் வரவில்லை என்று கொதித்துக்கொண்டிருப்பாய். திட்டுவதைச் சேர்த்து வைத்துக்கொள், நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை. சின்னவன் கல்யாணப் பேச்சு அப்படியே நிற்கிறது, அதைப் பற்றி மட்டும் கேட்காதே. உன் முட்டி எப்படி? அந்த எண்ணெய் வைத்தியரிடம் மறுபடி போகவில்லையே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுத்தில். பாலாவின் லென்ஸ் பை என்னிடம் வந்திருக்கிறது.

கயல் கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா, அப்பாவோட லென்ஸ் எல்லாம் எந்த வருஷத்துதுன்னு ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுங்க, டப்பாவுக்குள்ள போட்டு வெச்சிடறேன்" என்றாள். லென்ஸைப் போய் ஆளுக்கொன்று என்கிறாள் பார், அப்பன் பேச்சு அப்படியே. அவள் பையனுக்கு அடுத்த பிறந்தநாளோடு பதினெட்டு. அவனும் கேமரா பைத்தியம். புதுக் கேமராவில் ஓர் அடாப்டரை மாட்டி இந்தப் பழசையெல்லாம் போட்டு எடுக்கிறானாம். அவனுக்குத் தாத்தாவின் ஜூபிடர்-8 போகப்போகிறது. எந்த ஜூபிடர் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. "என்னோட பிறந்தது" என்று பாலா ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தானே, அதேதான்.

மற்றவற்றில் பெரிய சிக்கல் இல்லை. வெள்ளி நிற ஹீலியோஸ்-44 ஒன்று இருக்கிறது, எண் 03 என்று ஆரம்பிக்கிறது. கயல் அதன் மேல் "2003?" என்று சீட்டு ஒட்டியிருந்தாள். முதல் இரண்டு இலக்கம் வருஷம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் ரஷ்யாவின் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் சைபரில் ஆரம்பித்து வரிசையாக எண் போட்டுக்கொண்டே போனார்கள். அந்த எண்ணில் வருஷமே கிடையாது. அதற்கு மற்ற அங்கங்களைத்தான் பார்க்க வேண்டும். இதில் அபர்ச்சருக்குப் பதின்மூன்று தகடு, பின்னால் 39 மில்லிமீட்டர் மரை. பின்னால் வந்த 44-2-இல் தகடு எட்டுதான், மரையும் 42. அதனால் இது ஐம்பதுகளின் கடைசி அல்லது அறுபதுகளின் முற்பகுதி என்று எழுதிவிட்டேன். அப்புறம் லித்காரினோவில் செய்த இண்டஸ்டார்-61 ஒன்று. பாதி மூடினால் அபர்ச்சர் நட்சத்திரமாக மாறுமே, நீ அதை வைத்துப் புத்தாண்டு மரத்து விளக்குகளை எடுத்தாயே, அது. வளையத்தில் எம்.சி. என்று பல அடுக்குப் பூச்சுக்கான எழுத்து இருக்கிறது, எண் 85-இல் ஆரம்பிக்கிறது, இரண்டும் ஒத்துப்போகின்றன. பாலா 88-இல் மாநாட்டுக்கு மாஸ்கோ போனபோது வாங்கியதாக இருக்கும்.

ஜூபிடர் மட்டும்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. முன்வளையத்தில் எண் 56 என்று ஆரம்பிக்கிறது. குவியதூரம் மில்லிமீட்டரில் இல்லாமல் பழைய பாணியில் 5 செ.மீ. என்று இருக்கிறது. கண்ணாடிப் பூச்சுக்கான சிவப்பு 'பே' எழுத்தும் இருக்கிறது. பட்டகத்துக்குள் ஒளிக்கதிர் நுழைந்து வளையும் முத்திரை, அதாவது கிராஸ்னகோர்ஸ்க். ஸோர்க்கி-4 கேமரா வந்ததும் 56-இல்தான், அதனால் உடம்பும் கண்ணும் ஒரே வயது என்று பாலா அடித்துவிடுவானே. நாம் மாஸ்கோவில் லுமும்பா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், பழைய சாமான் விற்கும் கமிஷன் கடையில் கிடைத்தது என்பான். அன்று அவனோடு போனது நீ. நான் காய்ச்சலில் படுத்திருந்தேன், அந்த வெள்ளரிக்காய் விஷயத்துக்கு மறுநாள்.

உள்ளே கொஞ்சம் பூஞ்சை மாதிரி தெரிந்ததால் துடைக்கக் கழற்றினேன். உனக்குத்தான் தெரியுமே, இந்த லென்ஸ்களில் கண்ணாடித் தொகுதி தனி, ஃபோகஸ் ஆகும் வெளிக்கூடு தனி. இரண்டுக்கும் நடுவே மெல்லிய வளையம் ஒன்றை வைத்து ஒவ்வொரு லென்ஸையும் தனித்தனியாகச் சரிபார்த்திருப்பார்கள். ஸோர்க்கியில் மரையின் முகத்திலிருந்து பிலிமுக்கு 28.8 மில்லிமீட்டர், அதில் கொஞ்சம் பிசகினாலும் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்று காட்டும், பிலிமில் வேறொன்று விழும். அதனால் ஒன்றோடொன்று பழக்கிய பாகங்கள் கலந்துவிடக் கூடாதென்று எண்ணின் கடைசி இலக்கங்களை ஊசியால் உள்பக்கம் கீறி வைத்திருப்பார்கள். பாலாவின் லென்ஸில் கூட்டிலும் தொகுதியிலும் ஒரே மூன்று இலக்கம். முன்வளையத்தில் வேறு!

வளையத்தின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மற்ற லென்ஸ்களில் சும்மா தூசிதான் படிந்திருக்கிறது. இதில் ஓரம் முழுக்கக் கறுப்பு ரப்பர் தேய்ந்த தடம், பழையது, இறுகிப்போயிருக்கிறது. முன்வளையம் வெறும் பெயர்ப்பலகைதானே, ரப்பர் மூடி ஒன்றை அழுத்தித் திருகினால் கையோடு வந்துவிடும். அதே மாடலின் வேறொரு வளையம் கச்சிதமாக உட்காரும்.

இது போதாதென்று பையின் பக்கவாட்டு ஜிப்பில் லென்ஸின் பாஸ்போர்ட் கிடைத்தது. நாலாக மடித்த பழுப்புத் தாள். மேலே ஜூபிடர்-8, கீழே தரப் பரிசோதனை முத்திரை, ஊதா மையில் தேதி. 1961. எண்ணும் 61-இல் ஆரம்பிக்கிறது. கடைசி மூன்று இலக்கம் என்ன என்று நினைக்கிறாய்? கூட்டுக்குள் கீறியிருக்கும் அதே மூன்று.

ஆக லென்ஸ் 1961, தொப்பி மட்டும் 1956. வேறு எவனாவது மாற்றியிருந்தால் பாஸ்போர்ட் பாலாவிடம் இருந்திருக்காது. அவன்தான் செய்திருக்கிறான், தன் பிறந்த வருஷம் வேண்டுமென்று. செய்ததோடு விட்டானா, சாட்சியையும் அதே பையில் பத்திரமாக வைத்திருக்கிறான். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்தில் இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கயலுக்கு என்ன எழுதிக் கொடுப்பது? சரசுவிடம் மெதுவாகச் சொல்லிப்பார்த்தேன். "அவர் சொன்னதையே எழுதிடுங்கண்ணே, உங்களுக்கு என்ன வந்துச்சு" என்றாள். அவளுக்கு அது முடிந்துபோன கதை. ஆனால் கயல் வேலையே கணக்குத் தணிக்கை. கணக்கு ஒத்துப்போகாவிட்டால் சோறு இறங்காத பெண். இன்றைக்கு நான் 56 என்று எழுதி, பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்தாலும், அந்தப் பையன் ஒருநாள் துடைக்கக் கழற்றத்தான் போகிறான். அன்றைக்குக் கதிர் தாத்தா பொய் எழுதினார் என்று ஆகும். அது பரவாயில்லை. அவன் தாத்தா சொன்ன மற்றதெல்லாம்கூடப் பொய்யோ என்று தோன்றிவிட்டால்?

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பாலாவுக்குப் பேச்சு குளறிப்போயிருந்தது, நீ வருவதற்கு முன்னால். பேரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் அந்த லென்ஸ் கதையைத்தான் சொன்னான். பனி, கமிஷன் கடை, கவுன்டர்க்காரி, கண்ணாடிக்குள் தெரிந்த 56. நான் வாசலில் நின்று கேட்டேன். எப்போதும் சொல்வதைவிட நன்றாகவே சொன்னான். உன்னையும் சேர்த்துக்கொண்டான், "மூர்த்தி தாத்தா பேரம் பேசினான்" என்று. அதைக் கேட்டவனிடம் போய் நான் மரையும் கீறலும் காட்டுவதா?

என் மனசு சொல்லிவிடு என்றுதான் சொல்கிறது. 61 லென்ஸுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஜெர்மனியில் பெர்டெலே கணக்குப் போட்ட அதே ஸோனார் லென்ஸ் வடிவம்தான். போருக்கப்புறம் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த கண்ணாடியில் ஆரம்பித்து, பிறகு சொந்தக் கண்ணாடிக்கு மாற்றிக் கணக்குப் போட்டுச் செய்தது. வளையம் மாறியதால் படத்தில் ஒரு முடி அளவுகூட வித்தியாசம் வராது. சரசுவின் கல்யாணப் படத்தை நான் எடுத்ததே அதை வைத்துத்தான். பையனுக்குப் புது லென்ஸின் அறுக்கும் கூர்மையைவிட இந்த மிருதுதான் பிடித்திருக்கிறதாம், கயல் சொன்னாள். வயதைச் சொன்னால் அவன் ஒன்றும் உடைந்துபோக மாட்டான். ஆனால் சொல்வதற்கு முன் முழுக் கதையும் எனக்குத் தெரிய வேண்டும். அது உன்னிடம்தான் இருக்கிறது.

ஏனென்றால், மூர்த்தி, அப்ஷாகாவில், நம் மாஸ்கோ ஹாஸ்டலில், உன் கட்டிலுக்கடியில் ஒரு தகர டப்பா இருந்தது. உடைந்த கேமரா, லென்ஸ் சாமான் எல்லாம் அதில்தான். ரப்பர் மூடி வைத்துத் திருகத் தெரிந்தவன் நம் மாடியில் நீ ஒருத்தன்தான். பாலாவுக்குத் தண்ணீர்க் குழாயைக்கூட ஒழுங்காக மூடத் தெரியாது. உடைந்த லென்ஸிலிருந்து 56 வளையம் வந்தது என்றால் எந்த டப்பாவிலிருந்து வந்திருக்கும்? பேரம் பேசியது கடைக்காரியிடமா, உன்னிடமா? ஒரு புட்டி அர்மேனியன் கொன்யாக் கைமாறியிருக்கும் என்பது என் கணக்கு.

அந்த டப்பாவை ஊருக்கு மூட்டை கட்டும்போது நீ விடாமல் கொண்டுவந்தாய், மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ்காரர் கொட்டிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. கோவையில் பரணில்தான் கிடக்கும். முட்டியைச் சாக்காகச் சொல்லாதே, மருமகனை ஏற்றிவிடு. 61-இல் ஆரம்பிக்கும் ஜூபிடர் வளையம் அதில் இருக்கிறதா பார். கடைசி மூன்று இலக்கம் 417. கிடைத்தால் கூரியரில் அனுப்பாதே, போன வருஷம் நீ அனுப்பிய மைசூர்பா வந்து சேர்ந்த லட்சணம் தெரியும். கையோடு எடுத்துக்கொண்டு வா. பையன் பிறந்தநாள் பங்குனி கடைசியில். நீ வந்து உன் வாயால் அவனுக்குச் சொல். நான் அதுவரை சீட்டில் ஒன்றும் எழுதாமல் வைத்திருக்கிறேன்.

கதிரேசன்

லலிதா உன் வீட்டுக்காரியிடம் அந்தப் புளிக்காய்ச்சல் பக்குவம் கேட்டிருக்கிறாள். மறக்காமல் எழுதச் சொல்.