ஓல்டனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

சுவிட்சர்லாந்தில், இந்த ஓல்டன் ஊரில் நான் நலம். கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா சம்பல் அரைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வந்துவிடுகிறது, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இந்த ஊர் ரயில் நம்ம ரயிலைவிடப் பெரிதா என்று போனில் கேட்டீர்களே, இல்லை அப்பா. நம்ம நாட்டில் 68,000 கிலோமீட்டருக்கு மேல் பாதை, சுவிட்சர்லாந்து முழுக்கச் சேர்த்தாலும் 5,000 சொச்சம்தான். ஆனால் நாடே தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஜனங்கள் 90 லட்சம், அதில் அரசு ரயிலில் மட்டும் தினமும் 13 லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள்.

எனக்கு இங்கே பிடித்தது வேகமில்லை, டைம்டேபிள்தான். 1982-இல் நாடு முழுக்க ஒரே மாதிரியான ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். காலையில் 7:05-க்கு ஒரு வண்டி என்றால் அப்புறம் 8:05, 9:05, ராத்திரி வரைக்கும் அதே 05. பெரிய ஜங்ஷன்களில் நாலா பக்கத்து வண்டிகளும் மணி முழுதாவதற்குச் சில நிமிடம் முன்னால் வந்து நிற்கும், ஜனங்கள் மாறி ஏறுவார்கள், மணி தாண்டியதும் எல்லாம் கிளம்பிவிடும். இது நடக்க வேண்டுமானால் இரண்டு ஜங்ஷனுக்கு நடுவே ஓட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் இல்லையா? சூரிச்சிலிருந்து பெர்னுக்கு அதைவிடக் கூடுதலாகப் பிடித்தது. அதற்காகவே 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓட ஒரு புதுப் பாதை போட்டு, 2004-இல் 56 நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் டைம்டேபிள், அதற்கேற்ற மாதிரி தண்டவாளம்! மூன்று நிமிடம் பிந்தினாலே லேட் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

மலை ஊர்களுக்கும் இதே ஏற்பாடுதான். ரயிலை விட்டு இறங்கினால் ஸ்டேஷன் வாசலிலேயே மஞ்சள் தபால் பஸ் நிற்கும், ரயில் நேரத்தைப் பார்த்துத்தான் பஸ் நேரத்தையே வைக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏற்காடு ஞாபகம்தான். சேலம் ஜங்ஷனில் இறங்குகிறவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த்தானே இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற வேண்டியிருக்கிறது? வடக்கே அவ்வளவு தூரம் தன்பாத்திலிருந்து வருகிற வண்டியை எப்படிடா நிமிடக் கணக்கில் நிறுத்துவது என்பீர்கள், நியாயம்தான், நடுவே கூட்ஸ் வேறு. ஆனால் விருத்தாசலம் வண்டியும் கரூர் வண்டியும் நம்ம கையில் இருப்பவை. அவற்றையும் ஏற்காடு பஸ்ஸையும் ஜங்ஷனில் ஒரே நேரத்துக்குச் சேர்க்கப் புதுத் தண்டவாளம் எதுவும் வேண்டாம், உட்கார்ந்து நேரத்தைப் பொருத்தினால் போதும் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் விருத்தாசலம் லைனில் பார்த்த மீட்டர் கேஜ், அந்த ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், இங்கே இன்னும் ஓடுகிறது. ஆல்ப்ஸ் மலையில் பெர்னினா பாதையில் பல்சக்கரமே இல்லாமல் 2,253 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. நம்ம ஊட்டி நீராவி இன்ஜின்களில் பழையவை இங்கே வின்டர்தூரில் செய்தவைதானாம், தெரியுமா?

பாதை வேலையைப் பெரும்பாலும் ராத்திரியில், வண்டி குறைந்த நேரத்தில் பிளாக் எடுத்து, அதாவது அந்தப் பாதையில் வண்டியை நிறுத்திவைத்துச் செய்கிறார்கள். ஆரஞ்சுச் சட்டையோடு நிற்கிற அந்த ஆட்களைப் பார்த்தால், லோக்கூர் காட்டில் வெயிலில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பீட் நடந்த நீங்கள்தான் கண்ணில் நிற்கிறீர்கள். அந்த வேலையின் அருமை இங்கே வந்த பிறகு எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்கள், அம்மாவுக்கும் சேர்த்து. இங்கே டிக்கெட் விலை அதிகம்தான், ஆனால் பாதி விலைக்குப் போக ஒரு அட்டை உண்டு, அதை நான் முன்னாலேயே எடுத்து வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்