அலுவலகத்தை விட்டு மரப் பராமரிப்பு வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தம்பி தங்கைகளே,

கணினிமுன் உட்கார்ந்து சலித்துவிட்டது, நகரத்து மரங்களைப் பராமரிக்கும் ஆர்பரிஸ்ட் வேலைக்கு வரலாமா என்று நம் மலேசியத் தோட்டப்புறப் பட்டணத்துப் பிள்ளைகள் பலர் கேட்கிறீர்கள். வாருங்கள். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் இப்போதே நீட்டிவிடாதீர்கள். ஆறு மாதம் சனி, ஞாயிறுகளில் ஒரு குழுவோடு தரையில் நின்று கயிறு பிடியுங்கள், கிளை இழுங்கள். 20 செ.மீ. தடிமனும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கிளை 80, 90 கிலோ வரும். முதுகு தாங்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மரம் ஏறுவதைவிட மரத்தைப் பார்க்கத் தெரிவதுதான் இதில் பெரிய வேலை. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தை (இங்கே ‘புக்குல் லிமா’ என்றால்தான் புரியும்) முதலில் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அடியில் தட்டுத் தட்டாகக் காளான் தெரிகிறதா? செம்பனையை (எண்ணெய்ப் பனையை) சாய்க்கிறதே கனோடெர்மா என்ற காளான், அதன் இனமாக இருக்கலாம். மேலே இலை பச்சைப் பசேலென்று இருக்க, கீழே வேர் அழுகிக் கிடக்கும். மரச்சுத்தியலால் தட்டினால் காலிப்பானைச் சத்தம் கேட்கும். அதில் ஏறவே கூடாது. கால்வாய் தோண்டியவர்கள் ஒரு பக்க வேரை அறுத்திருக்கிறார்களா, உச்சியில் குளவிக்கூடு உண்டா, மின்கம்பி 3 மீட்டருக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். 2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு மரம் விழுந்து ஒருவர் இறந்தார், 17 வாகனங்கள் நொறுங்கின.

கித்தா (ரப்பர்) மரம் சீவிய பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கத்தி பட்டையைத் தாண்டி உள்கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும், மறுபடி அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. மரத்தின் காயம் நம் தோல்போல ஆறுவதில்லை. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால்தான், அந்தச் சுவர் எழும்பும் இடமான, கிளையடியில் மோதிரம்போல் புடைத்த பகுதியை விட்டுவைக்கச் சொல்கிறோம். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்பங்கு ஆழம் வெட்டுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குங்கள். மிஞ்சிய கட்டையைப் புடைப்புக்கு வெளிப்புறமாக எடுங்கள். அடிவெட்டைச் சோம்பலில் விட்டால் விழுகிற கிளை தண்டின் பட்டையைக் கீழ்வரை உரித்துக்கொண்டு போகும். வெட்டுவாயில் பெயிண்ட் அடிப்பது வீண்செலவு.

உச்சியை மொட்டையடிக்கச் சொல்பவர்கள்தான் நிறையப் பேர். மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மேற்பட்டையோடு ஒட்டியிருக்கும், கெட்டியாக ஊன்றியிருக்காது. சில வருடத்தில் காற்றடித்தால் அதுவே காரின்மேல் விழும்.

மேலே செயின்சோ ஓட்டும்போது உடம்பு இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். ரம்பம் ஒரு கயிற்றை அறுத்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். மதியத்துக்குமேல் இடி மழை என்பதால் ஏறுகிற வேலையைக் காலையிலேயே முடியுங்கள்.

தனியாகத் தொழில் தொடங்கினால் முதலாளி கட்டிய சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) நின்றுபோகும். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி சுயதொழில் செய்வோருக்கான சந்தாவை முதல் வாரமே கட்டிவிடுங்கள். ஐ.எஸ்.ஏ. என்ற பன்னாட்டு மரப் பராமரிப்புச் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வு எழுதப் பொதுவாக மூன்று வருட முழுநேர அனுபவம் கேட்பார்கள். செய்த வேலையைத் தேதியோடு எழுதி வையுங்கள். உங்கள் எக்செல் பழக்கம் அங்கே கைகொடுக்கும், ஏறத் தெரிந்த பலருக்கு அறிக்கை எழுத வராது.

இன்னொன்று. 0.8 மீட்டருக்குமேல் சுற்றளவுள்ள மரத்தைப் பொதுவாக ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிச் சாய்க்க முடியாது. “நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வெட்டு” என்பார் வீட்டுக்காரர். கடிதம் கைக்கு வரட்டும், பிறகு செயின்சோவை வண்டியிலிருந்து இறக்குங்கள்.

இப்படிக்கு,
மரப் பராமரிப்புக் குழுவினர்