இரைப்பைக் கட்டியை ‘ஜிஸ்ட்’ எனத் தவறாக எழுதிய அறிக்கை: திருத்தித் தரக் கோரி

அனுப்புநர்: அறுவை சிகிச்சைப் பிரிவு, குன்னூர், நீலகிரி.
பெறுநர்: மேலாளர், திசுப் பரிசோதனைக் கூடம், கோயம்புத்தூர்.

ஐயா,

குன்னூர் சேகரிப்பு மையத்தில் நாங்கள் கொடுத்த 5 செ.மீ. இரைப்பைக் கட்டியை ‘ஜிஸ்ட்’ (செரிமானப் பாதைச் சுவரில் வளரும், புற்றுநோயாகக்கூடிய கட்டி) என்று நீங்கள் தந்த அறிக்கை தவறானது. அதை நம்பியிருந்தால், கட்டி திரும்ப வருமோ என்ற பயத்தோடு நோயாளி ஆண்டுக்கணக்கில் சிடி ஸ்கேனுக்கு மலை இறங்கி ஏறியிருப்பார். ஜிஸ்ட்டுக்குத் தரும் இமாடினிப் மாத்திரைப் பேச்சும் எழுந்திருக்கும்.

இரைப்பையின் தசைச் சுவரில் வளரும் ஸ்பிண்டில் செல் (கதிர் வடிவச் செல்) கட்டி பெரும்பாலும் ஜிஸ்ட், லியோமயோமா (மென்தசைக் கட்டி), ஷ்வான்னோமா (நரம்புறைக் கட்டி) மூன்றில் ஒன்றுதான். சாதாரணச் சாயத்தில் மூன்றும் ஒரே சாயலில் தெரியும். செல்லின் புரதங்களைத் தேடும் தனிச் சாயங்களில் ஜிஸ்ட்டைக் காட்டுபவை சிடி117, டாக்1, லியோமயோமாவை டெஸ்மின், ஷ்வான்னோமாவை எஸ்-100, சாக்ஸ்10. உங்கள் அறிக்கையில் சிடி117, டாக்1 இரண்டுமே நெகட்டிவ். சிடி34 என்ற இன்னொரு சாயம் லேசாக ஏறியதை மட்டும் வைத்து ஜிஸ்ட் என்று முடித்திருக்கிறீர்கள். சிடி34 ஷ்வான்னோமாவிலும் ஏறும். கட்டியைச் சுற்றி லிம்போசைட்டுகள் (ஒருவகை வெள்ளையணுக்கள்) கரை கட்டினாற்போல் நிற்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரைப்பை ஷ்வான்னோமாவில் அடிக்கடி காண்பது அதுதான். அதைக் கண்ட பிறகும் எஸ்-100 போடாதது எங்களுக்குப் புரியவில்லை.

திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கை வாங்கி வேறிடத்தில் பார்த்தோம். எஸ்-100, சாக்ஸ்10 இரண்டும் அழுத்தமாக ஏறியிருந்தன: ஷ்வான்னோமா, புற்றுநோய் இல்லை. ஓரங்களில் மிச்சமில்லாமல் எடுத்தாகிவிட்டது; மருந்து தேவையில்லை.

டப்பாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உங்கள் மையம் தந்தது 100 மி.லி. டப்பா. கட்டியே சுமார் 65 மி.லி. இடத்தைப் பிடித்துக்கொண்டது. திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் திசுவைப்போல் பத்து மடங்காவது வேண்டும். பெரிய டப்பா கேட்டோம், இல்லை என்றார்கள். ஃபார்மலின் தொடக்கத்தில் மணிக்குச் சுமார் 1 மி.மீ. ஆழம்தான் இறங்கும், போகப்போக இன்னும் மெதுவாகும். வெள்ளி மாலை கொடுத்ததைத் திங்களன்றுதான் கூடத்தில் திறந்து அறுத்திருக்கிறார்கள். நடுப்பகுதி ஊறாமல் கெட்டிருந்தால் சாயம் ஏறாமலே நெகட்டிவ் ஆகும். அதனால்தான், சிடி117 இயல்பாகவே ஏறும் மாஸ்ட் செல்களில், அதே ஸ்லைடில் அது ஏறியதா என்று கேட்டோம். இன்றுவரை பதில் இல்லை.

திருத்திய அறிக்கையை 7 நாட்களுக்குள் தாருங்கள். போடாத எஸ்-100க்குத் தனியாகக் கேட்டு வாங்கிய கட்டணத்தைத் திருப்புங்கள். குன்னூர் மையத்தில் 1 லிட்டர் டப்பாக்களை வையுங்கள். நோயாளியின் காப்பீட்டுக் கோப்பில் இன்னும் ‘ஜிஸ்ட்’ என்றே இருக்கிறது. உங்கள் திருத்தம் வராமல் அதை மாற்ற மாட்டார்கள்.

இப்படிக்கு,
அறுவை சிகிச்சைப் பிரிவினர்